தீ மட்டும் அறிந்த மந்திரவாதி



சென்ற சனிக்கிழமை மாலை, இங்கே ரவாங்கில் என் பழைய மாணவன் ஒருவனின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவன் இப்பொழுது மூன்றாம் படிவத்தில் பயில்கிறான். மேசையைச் சுற்றி ஐந்து பிள்ளைகள். கையில் பென்சில், தாள், இருபது முகப் பகடை. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடிக்கொண்டிருந்தனர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் உருவாக்கி, 1974இல் வெளிவந்த ஆட்டம். திரை இல்லை, பேசிப் பேசியே கதையை வளர்க்கின்றனர்.

என் மாணவன் ஐந்தாம் நிலை மந்திரவாதி. அன்றைக்கு அவன் ஆயத்தம் செய்திருந்த மந்திரங்கள் யாவும் தீ. எதிரே வந்ததோ செந்நிற டிராகன் குஞ்சு. அதனைத் தீ சுடாது. அவன் வாளாவிருந்தான்.

"எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்திருக்க வேண்டும், ஐயா" என்றான்.

"அப்படி எடுத்தவன்தான் போன ஆட்டத்தில் எதற்கும் உதவவில்லை" என்றான் அருகிலிருந்தவன்.

இருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு என்பது என் கருத்து.

விதியைக் கேட்டறிந்தேன். 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில், முதல் நிலை மந்திரவாதியின் நூலில் 6 மந்திரங்கள். நிலை உயர உயர இரண்டிரண்டாகக் கூடும். ஐந்தாம் நிலையில் 14. ஆனால், நுண்ணறிவுக்கான மிகை 4 எனில், ஒரு நாளுக்கு ஆயத்தம் செய்யக்கூடியவை 5 + 4 = 9 மட்டுமே. அவற்றுள்ளும் மனத்தை ஒருமுகப்படுத்தி நிலைநிறுத்த வேண்டிய மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றே இயலும். ஆகவே, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் எதிலும் வலிமை நிற்காது. ஒன்பதையும் ஒரே வகையாக எடுத்தாலோ, ஒரு டிராகன் குஞ்சு போதும்.

வழி நடுவில் இருக்கிறது. நான்கு தன் துறைக்கு. மீதி ஐந்தும் ஐந்து வேறு தேவைகளுக்கு. தன்னைக் காக்க ஒன்று, தப்பிச் செல்ல ஒன்று, பகைவனைத் தடுக்க ஒன்று என வகுக்கலாம். சடங்காகச் செய்யத்தக்க மந்திரங்களை நூலில் எழுதி வைத்திருந்தாலே போதும். பத்து நிமிடம் கூடுதலாகச் செலவிட்டால் ஆயத்தமின்றியே அவை பலிக்கும். அருகில் கள்வன் இருக்கும்போது பூட்டைத் திறக்கும் மந்திரமும் வேண்டியதில்லை. தோழர் செய்வதைத் தானும் செய்ய முனைவது பல்திறம் ஆகாது.

நம் மரபிலும் இதற்குச் சான்று உண்டு. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு கவனகம் நிகழ்த்திக் காட்டினார். நூறு செயல்கள், ஆயினும் அவற்றின் வேர் ஒன்றே, பயிற்றிப் பண்படுத்திய நினைவாற்றல். ஆழ வேரூன்றிய ஒன்றிலிருந்து கிளைப்பதே மெய்யான பல்திறம்.

விடைபெறும் வேளையில் பையனின் தந்தை ஒன்று கேட்டார். "அறிவியல் பாடங்களில் கவனம் வேண்டுமே, ஐயா. நான்காம் படிவத்தில் தமிழை விட்டுவிடலாமா?"

அந்த ஆட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் ஒரு விதி இருந்தது. எட்டு மந்திரப் பிரிவுகளுள் ஒன்றில் சிறப்புத் தேர்ச்சி கொள்பவன், விலையாக வேறு இரண்டினை என்றென்றைக்கும் துறக்க வேண்டும். வருங்குறி அறியும் பிரிவுக்கு மட்டும் ஒன்றைத் துறந்தால் போதும். ஐந்தாம் பதிப்பில் அந்தத் துறவே இல்லை. தீயில் வல்லவனும் பிறவற்றைக் கற்கலாம்.

நமக்கும் அப்படித்தான். எசு.பி.எம். தேர்வில் தமிழை எடுக்கக்கூடாது என்று எவரும் விதிக்கவில்லை. மதிப்பெண் குறையுமோ என்னும் அச்சத்தால் நாமே துறக்கிறோம். அறிவியலில் ஆழ்ந்து செல்லட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால், ஒன்பதில் ஓரிடத்தைத் தமிழுக்கு வைக்கச் சொன்னேன். பதினைந்து வயதில் மூடிய நூலை முப்பதில் திறப்போர் மிகச் சிலரே.

தந்தை எண்ணிப் பார்ப்பதாகச் சொன்னார். பையன் தன் தாளை எடுத்து, தீ மந்திரங்களில் இரண்டை அழித்துக்கொண்டிருந்தான்.