சைலன்சரை மாற்றினால் கெத்து கூடுமா?

பைக்கின் சைலன்சரை மாற்றிவிட்டுத் தெருவே அதிரப் போகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், உடனே இரண்டு முடிவுகள் வந்து விழுகின்றன. வளர்ப்பு சரியில்லை என்பது ஒன்று. பிடித்து உள்ளே போட வேண்டும் என்பது மற்றொன்று. போலீஸாரும் அவ்வப்போது வண்டிகளை மடக்கிச் சைலன்சர்களைக் கழற்றி, சாலையில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்குகிறார்கள். பெங்களூரு, விசாகப்பட்டினம் போன்ற நகரங்களில் இந்தக் காட்சியைப் பொதுமக்கள் பார்க்கும்படியே நடத்தியிருக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு ஒரு திருப்தி கிடைக்கிறது, உதிரிபாகக் கடைகளில் விற்பனை மட்டும் நிற்கவில்லை. சில ஆயிரம் ரூபாய் செலவழித்து ஒருவர் இந்தச் சத்தத்தை ஏன் வாங்குகிறார் என்று யாரும் கேட்காதவரை அது நிற்கவும் நிற்காது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். எஞ்சின் சத்தத்தை ரசிப்பது கோணல் புத்தி இல்லை. 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் தயாரித்த புல்லட்டை எடுத்துக்கொள்வோம். 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட ஒற்றை சிலிண்டர், கனத்த ஃப்ளைவீல். நின்ற இடத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பெட்ரோல் வெடிக்கும். அதாவது நொடிக்கு எட்டு அடி. ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் காதில் விழும் வேகம் அது. தெருமுனையில் வரும்போதே வருவது யார் வண்டி என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். 1985-ல் வந்து 1996-ல் தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ இன்றும் தேடித்தேடி வாங்குகிறவர்கள் அதன் டூ ஸ்ட்ரோக் சத்தத்துக்காகவும்தான் வாங்குகிறார்கள். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் இன்னும் ஒரு படி மேலே போனது. 45 பாகைக் கோணத்தில் நிற்கும் இரண்டு சிலிண்டர்களின் பிஸ்டன்களும் ஒரே கிராங்க் பின்னில் இணைவதால் அதன் எஞ்சின் சீரற்ற இடைவெளியில் அடிக்கும். அந்தச் சத்தத்தையே தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய 1994-ல் விண்ணப்பித்தது. போட்டி நிறுவனங்கள் எதிர்க்க, வழக்கு இழுத்துக்கொண்டே போய் 2000-ல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. வண்டியோடு சேர்த்துச் சத்தத்தையும் விற்றது கம்பெனிகளே. வாங்கியவர்கள் அதில் மனதைப் பறிகொடுத்ததற்கு அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

ஆனால் மெக்கானிக் கடையில் நடப்பது வேறு. கம்பெனி சைலன்சரை அறுத்துப் பார்த்தால் உள்ளே தடுப்புத் தகடுகள் நிற்கும், அறைகள் இருக்கும், துளையிட்ட குழாய்கள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும். எஞ்சினிலிருந்து அழுத்தத்தோடு வெளியேறும் புகை இந்த அறைகளில் விரிந்து, மோதி, வலுவிழந்து வெளியே வருகிறது. ‘ஃப்ரீ ஃப்ளோ’, ‘பஞ்சாப்’, ‘இந்தோரி’ என்று பல பெயர்களில் விற்கும் குழாய்களில் இந்த அடுக்குகள் பெயரளவுக்கே இருக்கின்றன, அல்லது இல்லவே இல்லை. வாயில் செருகியிருக்கும் ‘டிபி கில்லர்’ என்ற சிறு அடைப்பானையும் ஒரு திருகாணியைக் கழற்றி உருவிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே கில் ஸ்விட்ச்சை அணைத்துப் போட்டால், எரியாத பெட்ரோல் ஆவி சூடான குழாய்க்குள் போய் வெடித்துப் பட்டாசுச் சத்தம் வரும். பழைய புல்லட்டின் நிதானமான அடிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ‘பவர் ஏறும், பிக்கப் கூடும்’ என்ற விளக்கமும் பெரும்பாலும் நிற்காது. பந்தய வண்டிகளில் குழாயை மாற்றும்போது எரிபொருள் அளவையும் அதற்கேற்பத் திருத்துவார்கள். அதைச் செய்யாமல் குழாயை மட்டும் மாற்றினால் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும், குறைந்த வேகத்தில் இழுவையும் தளரலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபிறகு விற்கும் வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் புகைக்குழாய்த் தொகுப்பிலேயே இருக்கிறது. முழுக்குழாயையும் கழற்றினால் அதுவும் கூடவே போய்விடும்.

‘சத்தம் கேட்டால்தான் லாரிக்காரன் ஒதுங்குவான், அதனால் உயிர் தப்பும்’ என்பது அடுத்த விளக்கம். இதை நையாண்டி செய்து ஒதுக்கக் கூடாது. இருசக்கர வாகனத்தில் போகிறவர்களின் பயம் உண்மையானது, நம் சாலைகளில் அது நாள்தோறும் நியாயமும் ஆகிறது. கேள்வி, சத்தம் அந்தப் பயத்துக்கு மருந்தா என்பதுதான். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டது. விபத்துக்கான ஆபத்துகளில் முக்கால்வாசிக்கும் மேல் ஓட்டுநரின் நேர் எதிரே, இடமும் வலமும் 45 பாகைக்குள் இருந்து வந்தவை என்று அது கண்டறிந்தது. எதிரே வந்தவரோ குறுக்கே திரும்பியவரோ பைக்கைப் பார்க்கத் தவறியதுதான் பெரிய சிக்கல். சைலன்சரின் வாயோ பின்பக்கம் பார்த்திருக்கிறது. சத்தத்தின் முழு வீச்சும் ஏற்கெனவே கடந்து வந்த தெருவுக்குத்தான் போகிறது. கண்ணாடியை ஏற்றி, ஏசியும் பாட்டும் போட்டுக்கொண்டு காரில் இருப்பவருக்கு அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடுவதும் கடினம். 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய இருசக்கர வாகனங்களின் முகப்பு விளக்கு எஞ்சின் ஓடும்வரை எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று விதி வந்ததற்குக் காரணம் இதுதான். எதிரே வருபவர் கண்ணில் படுவதுதான் காப்பாற்றும்.

பவரும் இல்லை, பாதுகாப்பும் இல்லை என்றால் எஞ்சுவது என்ன? ஆக்சிலேட்டர் எங்கே முறுக்கப்படுகிறது என்று கவனித்தால் விடை கிடைத்துவிடும். எஞ்சினின் இசைக்காக என்றால் ஆளில்லாத நெடுஞ்சாலையே போதும். பாதுகாப்புக்காக என்றால் லாரிகள் பாயும் புறவழிச்சாலையில்தான் அதிகம் முறுக்க வேண்டும். கல்லூரி வாசலிலும், பேருந்து நிறுத்தத்திலும், சிக்னலிலும், கடற்கரைச் சாலையிலும்தான் அது உறுமுகிறது. ஆள் இருக்கும் இடம், பார்க்கும் கண் இருக்கும் இடம். கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜூலி ஐட்கென் ஷெர்மர் 500-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், சத்தம் போடும் கார் வேண்டும் என்றவர்களிடம் பிறர் துன்பத்தில் இன்பம் காணும் போக்கும் இரக்கமின்மையும் கூடுதலாகத் தென்பட்டன என்று எழுதினார். செய்தித்தாள்கள் அதை ஆவலோடு எடுத்துப் போட்டன. அந்த ஆய்வு கேட்டது கார்களைப் பற்றி, அதுவும் ஒரு பல்கலைக்கழகத்தின் வணிகவியல் மாணவர்களிடம். நம் ஊரில் பழைய பல்சரோ புல்லட்டோ வாங்கிக் குழாய் மாற்றும் பையனுக்கு அதை அப்படியே ஒட்டிவிட முடியாது. அவனிடம் நான் காண்பது கொடூரத்தைவிட ஏக்கத்தையே அதிகம். வேலையிடத்தில் அவன் பெயர் யாருக்கும் தெரியாது. வீட்டில் அவன் பேச்சு எடுபடாது. திரையில் நாயகனின் வருகையை முதலில் அறிவிப்பது பைக்கின் உறுமல், கைதட்டல் அதற்குப் பிறகுதான். சில ஆயிரம் ரூபாயில் அதே வருகை தனக்கும் கிடைக்கும் என்றால், நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்றால், அதுதான் அவனுக்குக் கெத்து. திரும்பிப் பார்க்கிறவர்களில் பாதிப்பேர் சபித்துக்கொண்டே பார்க்கிறார்கள் என்பது அவன் காதுக்கு எட்டுவதில்லை. அவன் போட்ட சத்தத்தில் அவனுக்கே எதுவும் கேட்காது.

அந்த ஏக்கம் நியாயமானது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கான விலையைக் கொடுப்பது யார்? 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்கள் தயாரிப்பு நிலையில் 80 டெசிபலுக்கு மேல் சத்தம் எழுப்பக் கூடாது என்பது 2005 முதல் உள்ள வரம்பு. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. 80-க்கும் 90-க்கும் இடையே வித்தியாசம் பத்துதானே என்று தோன்றும், ஒலியின் ஆற்றலோ பத்து மடங்கு கூடிவிடும். பத்து பைக்குகள் ஒன்றாகப் போவதற்குச் சமம். இரவில் குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அனுமதிப்பது 45 டெசிபல். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், இருபுறமும் கான்கிரீட், நடுவே பதினைந்தடிச் சந்து என்றால் ஒலி போக இடமில்லாமல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். குழந்தையைத் தூங்கவைத்து அப்போதுதான் கண்ணயர்ந்த தாய், காலை ஆறு மணி ஷிப்டுக்கு எழ வேண்டியவர், இதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், மறுநாள் பரீட்சை எழுதும் மாணவி என்று எல்லோரும் அந்தச் சந்துக்குள்தான் இருக்கிறார்கள். பாரிஸில் ஒலி அளவைக் கண்காணிக்கும் ப்ரூயிட்பாரிஃப் அமைப்பு, குழாய் மாற்றிய ஒரே ஒரு ஸ்கூட்டர் இரவில் நகரைக் கடந்தால் பத்தாயிரம் பேர்வரை விழித்துக்கொள்ளலாம் என்று கணக்கிட்டிருக்கிறது. ஒருவர் கவனிக்கப்படுவதற்காக ஒரு வட்டாரமே தூக்கத்தைத் தொலைப்பதை எந்த ஏக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது. வீட்டுக்குள் அமைதியாக இருப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

‘ஏர் ஹாரன் அடிக்கும் பஸ், கல்யாண வெடி, கட்சிக் கூட்டத்து ஒலிபெருக்கி எல்லாம் இருக்க, எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்?’ என்று கேட்பார்கள். அவையும் தவறுதான், அவற்றுக்கும் விதிகள் உண்டு. ஒரு தவறு இன்னொன்றுக்கு அனுமதிச் சீட்டாகாது. ஆனால் இதே கேள்விக்கு இன்னொரு வடிவம் உண்டு, அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதினைந்து லட்ச ரூபாய் வெளிநாட்டு பைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காது கிழியப் போகிறது, அது கம்பெனிக் குழாய் என்று விட்டுவிடுகிறார்கள். செகண்ட் ஹேண்ட் வண்டிக்காரனைத்தான் ஓரங்கட்டுகிறார்கள் என்பது அந்தப் புகார். புகாரில் உண்மை இருக்கிறது. குழாய்க்குள் ஒரு மடிப்பு வால்வை வைத்து, சோதனை நடக்கும் வேகத்தில் அடக்கி வாசித்து மற்ற வேகங்களில் உறுமும் வண்டிகளைப் பெரிய நிறுவனங்கள் உலகெங்கும் விற்றிருக்கின்றன. ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம் 2020 கோடையில், நின்ற நிலையில் 95 டெசிபலுக்கு மேல் பதிவான மோட்டார் சைக்கிள்களைச் சில மலைச்சாலைகளில் தடை செய்தது. ஆலையில் செய்ததா, மெக்கானிக் மாற்றியதா என்று அது பார்க்கவில்லை. நியாயமான வழி அதுதான். காதால் கேட்டு, ஆளைப் பார்த்து முடிவெடுக்காமல், ஒலிமானியை வைத்து அளந்து எழுத வேண்டும். பிரான்ஸ் 2022-ல் சாலையோரத்தில் ஒலியை அளந்து, வண்டி எண்ணைப் படமெடுக்கும் கருவிகளைச் சோதிக்கத் தொடங்கியது. சென்னையிலும் கோவையிலும் அதை முயன்று பார்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

சட்டத்துக்கும் குறைவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி ஒலி விதியை மீறி ஓட்டுபவருக்குப் பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம், மூன்று மாதம்வரை சிறை. வண்டியை அனுமதியின்றி மாற்றிய உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய். மாற்றப்பட்ட சைலன்சர்களின் இரைச்சலை அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு 2021-ல் தானாக முன்வந்து வழக்காகவே எடுத்துக்கொண்டது. இத்தனையும் பெரும்பாலும் போய் விழுவது வண்டியில் உட்கார்ந்திருப்பவன் தலையில்தான். ‘பந்தயத் தளத்துக்கு மட்டும்’ என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, பந்தயத் தளத்தை வாழ்நாளில் மிதிக்காதவனுக்கு அதே குழாயை விற்கும் கடைக்காரரும், இணையத்தில் கூவி விற்பவரும், கூலி வாங்கி மாட்டிவிடும் பட்டறையும் சிக்குவதில்லை. இருபது வயதுப் பையன் ஒருவனைப் பிடித்தால் ஒரு குழாய் குறையும். விற்பவரைப் பிடித்தால் அந்த வட்டாரத்துக்கே வரத்து நிற்கும். ரோடு ரோலரை நகர்த்துவதற்கு முன் அதிகாரிகள் நடந்துபோக வேண்டிய இடம் உதிரிபாகக் கடைத்தெரு.

வீட்டு வாசலில் அப்படியொரு வண்டி நிற்கிறதென்றால், கழற்றிய கம்பெனி சைலன்சர் பெரும்பாலும் பரணிலோ மாடிப்படிக்குக் கீழேயோ பத்திரமாகக் கிடக்கும். வண்டியை விற்கும்போது தேவைப்படும் என்று எடுத்து வைத்திருப்பார்கள். திரும்ப மாட்ட மெக்கானிக்குக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. பெற்றோரும் அண்ணன்மாரும் இந்த ஞாயிற்றுக்கிழமையே அதை எடுத்துக் கையில் கொடுத்து, மாட்டிக்கொண்டு வரச் சொல்ல வேண்டும்.