எட்டாம் வகுப்பில் 15 பெயர்கள்

கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடப்பட்ட நாள் 2001 பிப்ரவரி 28. அன்று தொட்டு நாம் எழுதிய மனுக்கள் கொஞ்சமல்ல. நிலுவைத் தொகைக்கு மனு, குவார்ட்டர்ஸுக்கு மனு, குடிநீருக்கு மனு. எல்லாம் எழுத வேண்டியவையே. ஆனால் நம் பிள்ளைகள் படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளிக்காக நாம் எழுதிய மனு எத்தனை? ஒரு கை விரலே அதிகம்.

காரணம் தெரியாததல்ல. நம்மில் பாதிப் பேர் விடியுமுன் மாரிக்குப்பத்திலோ சாம்பியனிலோ வண்டியேறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறோம். திரும்பும்போது பிள்ளை தூங்கிவிடுகிறது. பெற்றோர் கூட்டம் என்று பள்ளியில் அழைப்பு வந்தால், ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போவது யார்? பாட்டி போகிறாள். பாட்டி கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறாள். பள்ளி மேம்பாட்டுக் குழுவில் நம் பெயர் இருக்கிறது, நாம் இல்லை.

இதன் விளைவு மெல்லத்தான் தெரியும். தமிழாசிரியர் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. கேட்டால், “பிள்ளைகள் எங்கே?” என்று திருப்பிக் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு முன்னால் நாம் வாயடைத்து நிற்கிறோம் என்பதே உண்மை.

வாயடைத்து நிற்க வேண்டியதில்லை. மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புகள் எங்கோ வானத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கின்றன. தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு; 1956இல் சேர்க்கப்பட்டது. உயர்நிலை வகுப்புகளுக்கு 1961 முதலமைச்சர்கள் மாநாடு ஒரு கணக்கை ஒப்புக்கொண்டது: ஒரு வகுப்பில் 15 பேர், மேல்வகுப்புகள் நான்கிலும் சேர்த்து 60 பேர். பள்ளி திறக்குமுன்பே விருப்பத்தைப் பதிந்துகொள்ள முன்பதிவேடு வைக்க வேண்டும் என்பதும் அந்தப் பாதுகாப்புகளில் அடக்கம். அந்தப் பதிவேட்டைக் கண்ணால் பார்த்தவர் நம்மில் யார்? பதினைந்து தலை! நம் லைன்களில் ஒரே வரிசை வீடுகளில் எண்ணினாலே தேறும்.

ஆனால் அந்தப் பதினைந்து பிள்ளைகளையும் நாம் எங்கே அனுப்புகிறோம்? கடன் வாங்கியாவது, டை கட்டிய கான்வென்ட்டுக்கு. அங்கே தமிழே இல்லை. சிலர் மார்க் சுலபமாக வரும் என்று சமஸ்கிருதத்தை முதல் மொழியாக எடுக்கச் சொல்கிறார்கள். கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் முதல் மொழிக்கு 125 மதிப்பெண், மற்ற ஐந்து பாடங்களுக்கும் தலா 100, ஆக மொத்தம் 625. அந்த 125ஐ வீட்டில் பேசும் மொழியில் வாங்குவதா, வீட்டில் ஒருவருக்கும் தெரியாத மொழியில் வாங்குவதா என்று பெற்றோரே யோசிக்கட்டும்.

“தமிழ் படித்து என்ன வேலை?” என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழை முதல் மொழியாக எடுக்கும் பிள்ளை கன்னடமும் ஆங்கிலமும் சேர்த்துத்தான் எழுதுகிறது. கன்னடம் நமக்குப் பகை அல்ல. இந்த மண்ணில் நான்கு தலைமுறை உழைத்துவிட்டு, தாலுக்கா ஆபீசில் ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாமல் நிற்பது நமக்குத்தான் கேவலம். 1982இல் கோகாக் அறிக்கையை வைத்து நடந்த கிளர்ச்சியையும், அதையொட்டி நம்மவர்கள் பட்ட பாட்டையும் பெரியவர்கள் மறக்கவில்லை. கன்னடம் மட்டுமே முதல் மொழி என்ற ஆணை செல்லாது என்று 1989இல் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்ததே, அந்த வழக்குக்கு அலைந்தவர்கள் மொழிச் சிறுபான்மையினர்தான். நீதிமன்றம் உரிமையைத் தந்தது. பிள்ளையை வகுப்பில் உட்கார வைப்பது நீதிமன்றத்தின் வேலையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளி என்றால் பாடமும் மார்க்கும் மட்டுமே என்று நாம் நினைக்கத் தொடங்கியிருக்கிறோம். கால்பந்து ஆட்டம் என்றால் ஊரே திரண்ட தங்கவயலில், இன்று விளையாட்டு வகுப்பில் கணக்குப் பாடம் நடக்கிறது. ஆண்டு விழா நாடகத்துக்குப் பெயர் கொடுத்த பெண்ணை, ஒத்திகை முடிய இருட்டிவிடும் என்று வீட்டார் தடுக்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானதே. அதற்கு வழி, பெண்ணை நிறுத்துவதா, தெருவில் நாலு பேர் முறை வைத்துப் பள்ளி வாசலில் நிற்பதா? பேச்சுப் போட்டியில் ஒரு முறை மேடை ஏறிய பிள்ளை, நாளை சங்கக் கூட்டத்தில் வாய் திறக்கும். நமக்குப் பின் இந்த மனுக்களை எழுதப் போவது அந்தப் பிள்ளைதான். கையெழுத்துப் பத்திரிகை நடத்தவும், சுவரில் செய்திப் பலகை வைக்கவும் பெரிய செலவு ஏதுமில்லை. பொங்கல் விழாவுக்கு மைக் செட் வாடகை கொடுக்கும் நம் சங்கம், அந்தப் பணத்தில் பாதியை இதற்கு ஒதுக்கலாம். இதைச் சொன்னால் சில நிர்வாகிகளுக்கு முகம் சுளிக்கும், சுளிக்கட்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரைதான் பிள்ளைக்குக் காவல். ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிடும் பையனைத் தேடிக் கொண்டு வர எந்தச் சட்டமும் வராது. பத்தாம் வகுப்பு வரை மதிய உணவு உண்டு, சம்பளம் இல்லை; இருந்தும் பையன் நின்றுவிடுகிறான் என்றால், பள்ளியில் அவனைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை என்று பொருள்.

ஆகவே இவ்வாண்டு வேலை இதுதான். கோடை விடுமுறை தொடங்கும் முன்பே, ஏழாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெயர்களைத் தெருவாரியாக எடுக்க வேண்டும். மாலை வண்டி வந்து நிற்கும் மேடைகளில் சங்கத் தோழர்கள் படிவத்தோடு நிற்பார்கள். நின்று கையெழுத்துப் போடுங்கள். 15 பெயர் சேர்ந்ததும் தலைமையாசிரியரிடம் ஒரு நகல், வட்டாரக் கல்வி அதிகாரியிடம் ஒரு நகல். இரண்டிலும் தேதியோடு முத்திரை வாங்கி, மூன்றாவது நகலைச் சங்கக் கோப்பில் வைப்போம்.