முணுமுணுக்கும் உரிமை

சிரிப்புக்குச் சிறை உண்டோ? உண்டு! சைபீரியப் பனிவெளியே அதற்குச் சான்று!

நிக்கொலாய் எர்டுமன், ருசிய நாடகாசிரியர். செக்காவை அறிந்த நம்மில் பலர் இவரை அறியோம். அறியாதிருப்பது தற்செயலன்று, அறியவொட்டாமல் அடைத்துவைத்தார்கள்!

1928-இல் அவர் தீட்டிய நாடகம் 'தற்கொலையாளி'. வேலையற்றவன் ஒருவன், நள்ளிரவில் பசி, மனைவியோடு பூசல். சாகப்போகிறான் என்ற பேச்சுப் பரவுகிறது. மொய்க்கிறது கூட்டம்! அறிவாளர் வர்க்கத்துக்காகச் சாகக் கேட்கிறான் ஒருவன். மதத்துக்காகச் சாகக் கேட்கிறார் பாதிரியார். காதலுக்காகச் சாகக் கேட்கிறாள் ஒருத்தி. அவன் வாழ வழிகாட்ட ஒருவருமில்லை. அவன் சாவுக்குச் சொந்தம் கொண்டாட எத்தனை பேர்!

அவனோ சாகவில்லை. சவப்பெட்டியிலிருந்து எழுகிறான், பசிக்கிறது என்கிறான். ஆட்சியையா கேட்டான்? அமைதியான வாழ்வு, தக்க ஊதியம், வாழ்க்கை கடினமென்று முணுமுணுக்கும் உரிமை, இவ்வளவே கேட்டான்!

அதுவும் மறுக்கப்பட்டது. நாடகத்தை அரங்கேற்ற ஸ்தானிஸ்லாவ்ஸ்கி இசைவு கோரினார். தமக்கு அதில் உயர்ந்த எண்ணமில்லை. நெருங்கிய தோழர்கள் அதைத் தீங்கானதென்றே கருதுகின்றனர் என்று 1931-இல் மறுமொழி எழுதினார் ஸ்டாலின். எனினும் முயன்று பார்க்கத் தடையில்லை என்றார். முயன்றனர், 1932-இல் விழுந்தது தடை! 1933-இல், திரைப்பட வேலையில் இருந்த எர்டுமனைக் கைது செய்து சைபீரியாவுக்கு நாடு கடத்தினர். மறு ஆண்டு அப்படம் வெளிவந்தது, அவர் பெயரின்றி! 'தற்கொலையாளி'யை ஒத்திகை பார்த்த இயக்குநர் மேயர்ஹோல்டு 1940-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடகம் மேடை கண்டது 1969-இல், அதுவும் சுவீடனில். 1970-இல் எர்டுமன் மறைந்தார். தம் நாட்டு மேடையில் அதைக் காணாமலே!

"புரட்சியைக் காக்கவே தடை" என்பர் சிலர். நாம் கேட்கிறோம்: 1836-இல் கோகோலின் 'இன்ஸ்பெக்டர் ஜெனரல்', ஜார் ஆட்சியின் ஊழலை எள்ளி நகையாடிற்று. கொடுங்கோலன் முதலாம் நிக்கொலாய் அதற்கு இசைவளித்தான். தானே வந்தும் பார்த்தான். மன்னன் பொறுத்த நையாண்டியை மக்களாட்சி என்று பெயர் பூண்டது பொறுக்கவில்லையே, ஏன்? ஜார் பரம்பரையையே வீழ்த்திய புரட்சி, ஒரு நாடகத்துக்கா நடுங்கிற்று?

நடுங்கியது புரட்சியன்று; பீடம்! கேள்வியைக் கண்டு கோவில் நடுங்கினால் கைகொட்டிச் சிரிக்கிறோம். கட்சி நடுங்கினால் காரணம் தேடலாமா? அது பகுத்தறிவாகாது, தோழர்களே! ஆண்டவனாயினும் ஆள்பவனாயினும் கேள்விக்கு அப்பாற்பட்டவன் எவனுமில்லை. முணுமுணுப்பை அடக்கும் ஆட்சி எதுவாயினும், அதன் பெயர் என்னவாயினும், அதை எதிர்ப்பதே நம் கடன்!