பூமியின் பாய்லரைக் காலி செய்தது யார்?

சட்டதிட்டங்கள்தான் குறுக்கே நிற்கின்றன. அவற்றை அகற்றிவிட்டால் பூமியின் வெப்பத்திலிருந்து மின்சாரத்தை அள்ளிக் கொடுப்போம் என்று முதலாளிகள் ஓலமிடுகிறார்கள். இந்த வாதத்தின் யோக்கியதையை அமெரிக்காவிலேயே பார்ப்போம்.

கலிபோர்னியாவில் ‘கெய்சர்ஸ்’ என்றொரு மலைப்பகுதி. அங்கே பாறைகளுக்கடியில் இயற்கையாகவே நீராவி இருக்கிறது. கிணறு தோண்டி அதை மேலே கொண்டுவந்து, 1960-இல் 11 மெகாவாட் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. லாபம் தெரிந்ததும் கம்பெனிகள் மொய்த்தன. நிலத்தைக் குத்தகைத் துண்டுகளாகப் பங்கு போட்டுக்கொண்டன. பொது மின்சார ஸ்தாபனங்கள் சிலவும் அதே பந்தயத்தில் ஓடின.

மேலே வேலி பல. கீழே நீராவி ஒன்றுதானே! பணக்காரன் ஆழமாகப் போர் போட்டால் பக்கத்து ஏழை விவசாயியின் கிணறு வற்றுவதை நாம் அறிவோம். அதே கதைதான் அங்கும். நாம் எடுக்காவிட்டால் அடுத்தவன் எடுத்துவிடுவான் என்று ஒவ்வொருவரும் உறிஞ்சினார்கள். 1987-இல் உற்பத்தி உச்சியைத் தொட்டது, பிறகு சரிந்தது.

பூமியின் சூடு ஆறிவிட்டதா? இல்லை. தீர்ந்தது தண்ணீர்! பாய்லருக்குத் தண்ணீர் விடாமல் நீராவியை மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று எந்த மில் தொழிலாளியும் சொல்லிவிடுவார். அங்கோ, எடுத்த நீராவியில் பெரும்பங்கு குளிர்விக்கும் கோபுரங்கள் வழியே காற்றோடு போயிற்று.

கடைசியில் கைகொடுத்தது யார்? பக்கத்து ஊர் மக்களின் பணமும் கழிவுநீரும்தான்! லேக் கவுண்டியிலிருந்து 1997-இலும், சான்டா ரோசா நகரிலிருந்து 2003-இலும் சுத்திகரித்த கழிவுநீர் குழாயில் வந்து பாறைக்குள் இறங்கியது. சான்டா ரோசா மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 4 கோடி லிட்டர் அனுப்பியது. சரிவு தணிந்தது, பழைய உச்சம் திரும்பவில்லை. நீரை உள்ளே செலுத்துவதால் சிறு நில அதிர்வுகளும் உண்டாகின்றன. லாபம் கம்பெனிக்கு, அதிர்வு அக்கம்பக்கத்து ஜனங்களின் வீட்டுக்கு!

2025 செப்டம்பரில் இந்திய சர்க்காரும் புவிவெப்பக் கொள்கையை அறிவித்தது. லடாக்கின் புகா பள்ளத்தாக்கில் முயற்சி ஏற்கனவே துவங்கிவிட்டது. ஆகவே நாம் இப்போதே கேட்கிறோம்: அடியிலுள்ள தேக்கம் ஒன்றென்றால், திட்டமும் ஒன்றாக இருக்கட்டும். எடுத்த நீரைத் திரும்பச் செலுத்துவது கட்டாயமாகட்டும். அழுத்தக் கணக்கும் அதிர்வுக் கணக்கும் மக்கள் முன் வைக்கப்படட்டும்.

இவை தடைகள் அல்ல. பாய்லரின் சேப்டி வால்வுகள். வால்வை அடைக்கச் சொல்பவன் ஒருநாளும் பாய்லர் பக்கத்தில் நின்று வேலை செய்பவன் அல்ல!