காலையில் முதுகு இறுகிப்போகிறதா? படுக்கையை விட அசைவே நல்ல மருந்து!

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி வட்டாரத்தில் வேலை என்றாலே குனிவதுதான். நடவு நடுவதும் களை எடுப்பதும் குனிந்துதான். கரும்பு வெட்டுவதும் குனிந்துதான். கோடையில் முந்திரித் தோப்புக்குப் போனால், உதிர்ந்த கொட்டையைப் பொறுக்க நாள் முழுக்க இடுப்பு வளைந்தே இருக்கும். பீங்கான் நகர் என்று பெயர் வாங்கிய விருத்தாசலத்தில் வேலை இன்னொரு விதம். அங்கே அகல் விளக்கு, பொம்மை, மின்சாரத்துக்கான ஃபியூஸ் கேரியர் என்று செய்கிறார்கள். அச்சில் களிமண் கரைசலை ஊற்றுவது, காய்ந்ததைத் தேய்ப்பது, வண்ணம் பூசுவது என எல்லாமே தலையைக் கவிழ்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்யும் வேலை.

இப்படி உழைக்கும் ஒரு பெண் காலையில் எழுந்ததும் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் 'இடுப்பு பிடிச்சுக்கிச்சு' என்பதுதான். அதற்கு வீட்டில் கிடைக்கும் பதிலும் தெரிந்ததே: 'வாய்வா இருக்கும், ஒரு வாரம் படுத்து எந்திரி.' தினக்கூலியையும் எண்ணிக்கைக் கூலியையும் நம்பி இருப்பவருக்கு ஒரு வாரப் படுக்கை என்பது ஒரு வாரச் சம்பளம். அவரால் படுக்க முடியாது. வலியோடு வேலைக்குப் போவார், சாயங்காலம் மாத்திரை போடுவார்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. சாதாரண முதுகுப் பிடிப்புக்கு நீண்ட படுக்கை ஓய்வு தேவையில்லை. அது நல்லதும் இல்லை. அளவான அசைவும் சரியான பயிற்சியும்தான் இன்றைய மருத்துவம் முதலில் சொல்லும் சிகிச்சை.

முதுகுக்குள் என்ன நடக்கிறது?

முதுகெலும்பு ஒரே எலும்பு இல்லை. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5 என அசையும் எலும்புகள் மட்டும் 24. அதற்குக் கீழே இருப்பவை ஒன்றோடு ஒன்று இணைந்த திரிக எலும்பும் வால் எலும்பும். அடுத்தடுத்த இரண்டு எலும்புகளுக்கு நடுவே முன்பக்கம் மெத்தை போல டிஸ்க் இருக்கிறது. பின்பக்கம், வலதும் இடதுமாக இரண்டு சின்ன மூட்டுகள் இருக்கின்றன. இவற்றை ஃபேசட் மூட்டுகள் என்கிறார்கள்.

டிஸ்க்கைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 'டிஸ்க் விலகிவிட்டது' என்று ஊரே பேசும். ஆனால் இந்தச் சின்ன மூட்டுகளைப் பற்றிப் பேசுவார் குறைவு. முழங்கால் மூட்டைப் போலவே இவற்றிலும் குருத்தெலும்பு உண்டு, வழவழப்பான திரவம் உண்டு, சுற்றிலும் உறை உண்டு. அசைந்தால்தான் அந்தத் திரவம் மூட்டு முழுக்கப் பரவும். மணிக்கணக்கில் ஒரே நிலையில் இருந்தால் சுற்றியுள்ள தசையும் உறையும் விறைத்துக்கொள்ளும். வயதாக ஆகக் குருத்தெலும்பும் தேயும். அதனால்தான் நிமிரும்போதும், பின்னால் திரும்பிப் பார்க்கும்போதும், படுக்கையில் புரளும்போதும் 'சுருக்'கென்று வலிக்கிறது.

இரண்டு வகை இறுக்கம்

காலை நேர இறுக்கம் எல்லாம் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் தெரிந்தால் ஒரு இளைஞரின் பல வருடங்களைக் காப்பாற்றலாம்.

முதல் வகை, உழைப்பாலும் தேய்மானத்தாலும் வருவது. எழுந்ததும் கொஞ்ச நேரம் பிடித்திருக்கும். வாசல் தெளித்து, அடுப்பு பற்ற வைப்பதற்குள் விட்டுவிடும். வேலை கூடினால் வலி கூடும். சற்று ஓய்வெடுத்தால் குறையும்.

இரண்டாவது வகை, மூட்டுகளில் ஏற்படும் அழற்சியால் வருவது. இதில் முக்கியமானது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். பெரும்பாலும் 45 வயதுக்குள், பலருக்கு இருபதுகளிலேயே தொடங்கும். காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். பின்னிரவில் வலி எழுப்பிவிடும். புட்டத்தில் ஒரு நாள் வலப்பக்கம், ஒரு நாள் இடப்பக்கம் என்று மாறி மாறி வலிக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு: ஓய்வெடுத்தால் வலி கூடும், நடமாடினால் குறையும். சிலருக்குக் கண் சிவந்து வலிப்பதும் உண்டு.

கல்லூரி முடித்த 23 வயது இளைஞர் ஒருவர் இப்படிச் சொன்னால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? 'ராத்திரி பூரா போன் பார்த்தா முதுகு வலிக்காம என்ன செய்யும்?' என்பார்கள். எக்ஸ்ரே எடுத்தாலும் ஆரம்ப வருடங்களில் ஒன்றும் தெரியாமல் போகலாம். பெல்ட், தைலம், வலி மாத்திரை என்று வருடங்கள் ஓடிவிடும். நோயைக் கண்டுபிடிப்பதற்கே பல வருடங்கள் ஆகிவிடுவது உலகம் முழுக்க உள்ள பிரச்னைதான். அதற்குள் சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, முதுகு கூன ஆரம்பித்துவிடுகிறது. ஒட்டிய எலும்பை எந்தப் பயிற்சியாலும் பிரிக்க முடியாது.

ஆகவே, மூன்று மாதத்துக்கு மேல் இந்த அறிகுறிகள் உள்ள இளவயதினர், ஆணோ பெண்ணோ, மூட்டு வாத நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனைகளும் தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் உதவும். இந்த நோய்க்கு மருந்து, உடற்பயிற்சி இரண்டுமே அவசியம். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று விடக் கூடாது. புகைப்பழக்கம் இருந்தால் அதை நிறுத்துவதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

இயன்முறை மருத்துவர் என்ன செய்வார்?

பிசியோதெரபி என்றால் 'கரன்ட் வைப்பது' என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இயன்முறை மருத்துவரின் முதல் வேலை பார்ப்பது. குனியச் சொல்வார், நிமிரச் சொல்வார், பக்கவாட்டில் சாயச் சொல்வார். எந்த அசைவில் வலி கூடுகிறது, எதில் குறைகிறது என்று குறித்துக்கொள்வார். காலில் மரத்துப்போதல், பலவீனம் உண்டா என்று சோதிப்பார்.

அடுத்தது கைவைத்தியம். குப்புறப் படுக்க வைத்து, இறுகிய மூட்டைக் கட்டை விரலாலோ உள்ளங்கையாலோ மெதுவாக, சீராக அழுத்தி அழுத்தி விடுவார். இதற்கு மொபிலைசேஷன் என்று பெயர். வலி அதிகமாக இருந்தால் லேசான அழுத்தம், இறுக்கம் அதிகமாக இருந்தால் கொஞ்சம் ஆழமான அழுத்தம் என்று அளவு மாறும்.

பேரனை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும் இதுவும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. எலும்பு அடர்த்தி குறைந்த பாட்டிக்கு, மிதித்த இடத்தில் எலும்பே நொறுங்கலாம். முதுகெலும்பு ஒட்டிப்போனவருக்கு முரட்டுத்தனமான அழுத்தம் பெரிய ஆபத்து. 'சொடக்கு' எடுத்து நிமிர்த்துகிறேன் என்பவரிடம் போவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம்: வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி. இதன் அருமையைச் சொல்ல ஒரு சம்பவம் உண்டு. 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கன்சி என்ற இயன்முறை மருத்துவரிடம் முதுகு, கால் வலியோடு ஒருவர் வந்தார். உள்ளே போய்க் குப்புறப் படுங்கள் என்று மெக்கன்சி சொல்ல, தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த மேசையில் அவர் அப்படியே படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்த நிலையில் சில நிமிடங்கள் கிடந்தவரைப் பார்த்து மெக்கன்சி பதறினார். அந்த நோயாளியோ பல வாரங்களாக இல்லாத அளவு வலி குறைந்திருக்கிறது என்றார். இந்தத் தற்செயலில் இருந்து வளர்ந்ததுதான் இன்று உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் மெக்கன்சி முறை. அதன் பாடம் எளிது: காலுக்கு இறங்கிய வலி, ஓர் அசைவைச் செய்யும்போது மேலேறி முதுகுக்குள் ஒடுங்கினால் அது நல்ல அறிகுறி. வலி மேலும் கீழே காலுக்கு இறங்கினால் அந்த அசைவை நிறுத்த வேண்டும்.

பெல்ட் போடலாமா?

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதலை முதன்முறையாக வெளியிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், குறிப்பிட்ட வேறு நோய்க் காரணம் இல்லாத வலிக்கானது அது. உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், மனநல ஆலோசனை, மசாஜ், பயிற்சி பெற்றவர் செய்யும் கைமுறை சிகிச்சை ஆகியவை அதன் ஆதரவுப் பட்டியலில் உள்ளன. இடுப்பு பெல்ட், டிராக்‌ஷன் என்ற இழுவை சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், டென்ஸ் என்ற மின்தூண்டல் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

2020இல் உலகில் சுமார் 61.9 கோடி பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாகவும், 2050இல் அது 84.3 கோடியாகலாம் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. இத்தனை பேருக்கும் இயந்திரமோ பெல்ட்டோ தேடிப் போவதை விட, பயிற்சியைக் கற்றுக்கொடுப்பதே நடக்கக்கூடிய காரியம். அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு போன்றவற்றுக்குப் பிறகு மருத்துவர் சொல்லி அணியும் பெல்ட் வேறு கணக்கு. அதைத் தானாகக் கழற்றக் கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

சாதாரணப் பிடிப்பு உள்ளவர்கள் காலையில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பாயில் செய்யலாம்.

1. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இரண்டையும் சேர்த்து வலமும் இடமுமாக மெதுவாகச் சாய்க்க வேண்டும். பத்து முறை.

2. அதே நிலையில் இடுப்பை மட்டும் மேலே தூக்கி, ஐந்து எண்ணி இறக்க வேண்டும். பத்து முறை.

3. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பூனை சோம்பல் முறிப்பது போல முதுகை மேலே வளைத்து, பிறகு மெதுவாகத் தாழ்த்த வேண்டும். பத்து முறை.

4. குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றித் தலையையும் மார்பையும் நிமிர்த்தி, ஒன்றிரண்டு நிமிடம் இருக்க வேண்டும். காலுக்கு வலி இறங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

5. சுவரில் குதிகால், புட்டம், தோள், பின்தலை நான்கும் படும்படி நின்று, நெஞ்சு விரிய ஐந்து முறை மூச்சை இழுத்து விட வேண்டும். பின்தலை சுவரைத் தொடுவது மாதத்துக்கு மாதம் கஷ்டமாகிக்கொண்டே போனால் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

பயிற்சியின்போது லேசாக இழுப்பது இயல்பு. குத்தும் வலி வந்தால் நிறுத்த வேண்டும். கர்ப்பிணிகள், முதுகில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், எலும்பு தேய்ந்த முதியவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

வேலையை விட முடியாது, விதத்தை மாற்றலாம்

தரையில் உட்கார்ந்து வண்ணம் பூசுபவர், உட்காரும் இடத்தில் ஒரு மணையையோ மடித்த சாக்கையோ போட்டு இடுப்பை உயர்த்திக்கொள்ளலாம். பொம்மையை மடியில் வைக்காமல் ஒரு பெட்டியின் மேல் வைத்தால் கழுத்து அவ்வளவு கவிழாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, இடுப்பில் கைவைத்து ஐந்து முறை பின்னால் வளைந்தால் ஒரு நிமிடம்தான் ஆகும். கரைசல் நிரம்பிய அச்சைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்க வேண்டும்.

முந்திரி பொறுக்குபவர்கள் தொடர்ந்து குனிந்தே இருக்காமல் சிறிது நேரம் ஒரு முழங்காலை ஊன்றி, சிறிது நேரம் குந்தி என மாற்றி மாற்றிச் செய்யலாம். வாசல் பெருக்க நீளக் கம்பு கட்டிய துடைப்பம் நல்லது. தண்ணீர்க் குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் சுமக்காமல் பக்கம் மாற்ற வேண்டும். இதையெல்லாம் போனில் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் கழுத்து தப்பிக்கும்.

எங்கே போவது?

தனியார் சிகிச்சைக்கு வசதி இல்லாதவர்கள் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையும், அடுத்து விருத்தாசலம் அரசு மருத்துவமனையையும் அணுகலாம். கூடுதல் பரிசோதனை தேவைப்பட்டால் சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நடக்கவே முடியாமல் வீட்டோடு இருப்பவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. 2024இல் ஐ.நா. விருதும் பெற்ற திட்டம் இது. கிராமத்துக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் முதுகு வலியைப் பற்றியும் சொன்னால்தான் அது பதிவாகும். மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடக் கூடாது.

தனியாரிடம் போவதானால், சிகிச்சை தருபவர் பி.பி.டி. பட்டம் பெற்றவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

உடனே ஓட வேண்டிய நேரம்

முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் பலம் இழப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுந்து அடிபட்ட பின் வரும் கடும் வலிக்கும் இது பொருந்தும். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த முதுகு வலி, முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். அது மருந்தால் குணமாகக்கூடியது, தாமதித்தால் காலைப் பறிக்கக்கூடியது. புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்களும் புதிதாக வரும் முதுகு வலியை அலட்சியம் செய்யக் கூடாது.

மற்றபடி, பிடித்துக்கொண்ட முதுகைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நாளைக் காலை எழுந்ததும் இறுக்கம் விட எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து ஒரு வாரம் குறித்துவைக்கலாம். மருத்துவரிடம் காட்ட அந்தச் சின்னக் குறிப்பு பெரிய உதவியாக இருக்கும்.