ஆளில்லாத வயல் யாருடைய வயல்?

ஆண்டு பிறந்தால் உரக் கடையிலும் மளிகைக் கடையிலும் காலண்டர் கொடுக்கிறார்கள். அதிலே ஒரு சித்திரம். பச்சைப் பசேல் என்று வயல். ஓரத்தில் இரண்டு தென்னை. தூரத்தில் ஒரு கூரை வீடு. அதற்கு மேலே மாலைச் சூரியன். வாய்க்காலில் கண்ணாடி போல் தண்ணீர். எல்லாம் இருக்கிறது. அந்த வயலை நட்டவர் மட்டும் இல்லை. வரப்பை அண்டை வெட்டியவர் இல்லை. கூரை வீடு ஒழுகுவதும் இல்லை.

“கூலிப் பிரச்னை இருக்கிறது, மில் பிரச்னை இருக்கிறது, வீட்டுமனைப் பிரச்னை இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் சித்திரத்தைப் பற்றி ஒரு கட்டுரையா?” என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே காலண்டர் சித்திரம் இன்று வேறு எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். நெல் வயலில் கல் ஊன்றி, கொடி நட்டு, மனைப் பிரிவு போடுகிறவன் சாலை ஓரத்தில் ஒரு பெரிய படம் வைக்கிறான். அதிலும் அதே பச்சை, அதே தென்னை, அதே சூரியன். அதிலும் ஆள் இல்லை. நிலத்தில் உழைப்பவனை முதலில் படத்திலிருந்து வெளியேற்றுகிறார்கள். பிறகு நிலத்திலிருந்தே வெளியேற்றுவது சுலபமாகி விடுகிறது. “இங்கே யார் இருந்தார்கள்? வெறும் நிலம்தானே!” என்கிறார்கள். ஆகவே சித்திரத்தில் நிலம் எப்படி வரையப்படுகிறது என்பது நம்முடைய பிரச்னையே.

வயல் இயற்கையா?

காரைக்காலுக்கு வடக்கே, கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்த வரிச்சிக்குடியை எடுத்துக் கொள்வோம். ஓர் ஓவியர் அங்கே வந்து பலகையை நிறுத்துகிறார். “இயற்கைக் காட்சி வரைகிறேன்” என்கிறார். எது இயற்கை? காவிரி கொண்டு வந்த வண்டல் இயற்கை. கடற்காற்று இயற்கை. மற்றதெல்லாம் கை செய்தது. வாய்க்கால் வெட்டியது கை. மதகு கட்டியது கை. மேடு பள்ளத்தைத் தட்டி, நீர் நிற்கும்படி சமமாக்கியது தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்ற கால்கள். காவிரிப் படுகையில் ஒரு வரப்புகூடத் தானாக முளைத்ததல்ல.

அந்தப் பச்சையும் தானாக வந்ததல்ல. 1934-ல் முடிந்த மேட்டூர் அணை, வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்க வேண்டும். திறந்த தண்ணீர் தலைமடையெல்லாம் தாண்டிக் கடைமடைக்கு வர வேண்டும். காரைக்கால் கடைமடையிலும் கடைமடை. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் புதுவைப் பகுதிக்கென்று ஒதுக்கியது 7 டி.எம்.சி. தண்ணீர். 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஏட்டில் உள்ள அந்தத் தண்ணீர் வாய்க்காலில் வந்தால் பச்சை; வராவிட்டால் வெடித்த நிலம். இதைத் தெரிந்து கொண்டு வரைகிறவர் பூசும் பச்சை வேறு. தெரியாமல் பூசும் பச்சை வேறு. முதலாவதில் கவலை இருக்கும். இரண்டாவதில் சாயம் மட்டுமே இருக்கும்.

இது நாம் புதிதாகக் கண்டு பிடித்த தத்துவம் அல்ல. தமிழனின் பழைய இலக்கணமே இப்படித்தான் நிலத்தைப் பார்த்தது. மருதம் என்றால் வயல் மட்டுமா? நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே வாழும் மக்கள், அவர்கள் செய்யும் தொழில், உண்ணும் உணவு, கொட்டும் பறை எல்லாம் சேர்ந்து கருப்பொருள். மக்களும் தொழிலும் இல்லாத மருதத்தைத் தொல்காப்பியர் அறியமாட்டார். உழவரை நீக்கி விட்டு வயலை மட்டும் ரசிப்பது நமக்கு வந்து சேர்ந்த பழக்கம்.

நிலத்தைக் காலி செய்த தூரிகை

இந்தப் பழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1792-ல் மைசூர்ப் போர் ஒன்று முடிந்த கையோடு, தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தென்னாடு முழுதும் சுற்றினார்கள். மலைக் கோட்டைகள், கோபுரங்கள், அருவிகள் எல்லாவற்றையும் வரைந்தார்கள். 1795 முதல் 1808 வரை 144 படங்களாக லண்டனில் அச்சிட்டார்கள். கை தேர்ந்த வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படங்களில் நம் மக்கள் எப்படி இருக்கிறார்கள்? மரத்தடியில் எறும்பு போல. கோபுரம் எவ்வளவு பெரிது என்று காட்டுவதற்கு ஓர் அளவுகோல் போல. கம்பெனிக்கு வேண்டியிருந்தது நாடு. நாட்டு மக்கள் அல்ல.

அந்தப் பார்வை ஆங்கிலேயனோடு கப்பல் ஏறிவிடவில்லை. மிராசுதார் வீட்டுக் கூடத்தில் மாட்டிய படத்திலும் அது இருந்தது. இன்று பட்டணத்து ஹோட்டல் சுவரிலும் இருக்கிறது. நிலத்தைச் சொந்தமாக வைத்திருப்பவனுக்கும் வேடிக்கை பார்க்க வருகிறவனுக்கும் ஆளில்லாத வயலே அழகு.

ஆள் இல்லாமலும் உண்மை சொல்லலாம்

அப்படியானால் படத்துக்குப் படம் நாலு பேரை நிற்க வைத்து விட்டால் போதுமா? போதாது. யதார்த்தம் என்பது தலை எண்ணிக்கை அல்ல.

ருஷ்யாவில் ஜாராட்சிக் காலத்தில் இரண்டு ஓவியர்கள் இதற்கு இரண்டு வழி காட்டினார்கள். ஒருவர் ரேப்பின். வோல்கா நதியை அவர் 1873-ல் வரைந்து முடித்தார். விரிந்த ஆறு, வெளிச்சமான வானம். அதற்கு முன்னால் 11 பேர் மார்பில் பட்டை கட்டிப் படகை இழுத்து வருகிறார்கள். அவர்களைப் பார்த்த பிறகு வோல்கா வெறும் அழகான ஆறு அல்ல. பாரம் ஏற்றிய ஆறு.

மற்றொருவர் லெவித்தான். 1892-ல் அவர் வரைந்த படம் ஒரு சாலை. சாம்பல் வானம், சமவெளி, நீண்டு போகும் மண் பாதை. தூரத்தில் ஒரு சிறு உருவத்தைத் தவிர ஆள் இல்லை. ஆனால் படத்தின் பெயர் ‘விளாதிமிர் சாலை’. கைதிகளைச் சங்கிலி பூட்டி சைபீரியாவுக்கு நடத்திச் சென்ற சாலை அது. எத்தனை கால்கள் மிதித்து அந்தப் பாதை பதிந்தது என்று பார்க்கிறவன் நினைக்கிறான். கைதி ஒருவனையும் வரையாமல் ஆயிரம் கைதிகளை வரைந்து விட்டார் லெவித்தான்.

நமக்கு விளாதிமிர் சாலை இல்லையா? இருக்கிறது. காரைக்காலிலிருந்து தெற்கே போனால் வெகு தூரமில்லை, கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்டு, சங்கமாக நின்ற குற்றத்துக்காக 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் அங்கே எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். இன்றும் அங்கே வயல் பச்சையாகத்தான் இருக்கிறது. வெறும் பச்சை என்று அதை வரைகிறவன் கண்ணிருந்தும் காணாதவன். அந்தப் பச்சைக்குள் இருக்கும் நெருப்பை, ஒரு மனிதனைக்கூட வரையாமலே உணர்த்த முடிகிறவன்தான் ஓவியன். 1943-ல் வங்கப் பஞ்சத்தின்போது மிதுனாப்பூர் கிராமங்களில் நடந்து நடந்து கண்டதை வரைந்த சித்தப்ரசாத் அந்த ரகத்தைச் சேர்ந்தவர். அவருடைய படப் புத்தகத்தை வெள்ளை சர்க்கார் பறிமுதல் செய்து எரித்தது. பொய்ச் சித்திரத்தை எந்த சர்க்காரும் எரிப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்திலும் பொய் உண்டு. எங்கும் முறுக்கேறிய கை, எப்போதும் உதிக்கும் சிவப்புச் சூரியன், பசியே அறியாத தேக்கு மர உடம்பு. மூலையில் ஒரு கொடியைச் செருகி விட்டால் படம் யதார்த்தமாகி விடாது. நாற்று நடுகிற பெண்ணுக்கு இடுப்பு வலிக்கும். ஸ்பின்னிங்கில் நிற்கிறவனுக்குப் பஞ்சு தூசி நெஞ்சில் அடைக்கும். அந்த வலி படத்தில் இல்லையென்றால், வரைந்தவர் நம் கட்சிக்காரராகவே இருந்தாலும் அது காலண்டர்தான்.

நம் காலத்து ஓவியர்கள்

தமிழ் நாட்டில் நம் காலத்தில் யதார்த்த ஓவியம் என்றதும் மக்கள் சொல்லும் பெயர் இளையராஜா. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, குடந்தை அரசு கவின்கலைக் கல்லூரியிலும் சென்னையிலும் படித்தவர். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டு போய்விட்டது. பெரிய நஷ்டம். கறுத்த நிறத்துத் தமிழ்ப் பெண்ணை, வாசற்படியிலும் அடுப்பங்கரையிலும், ஓட்டுச் சந்து வழியே விழும் வெளிச்சத்திலும் நிறுத்தி, “இதோ அழகு” என்று சொன்னார். சிவப்புத் தோலே அழகு என்று விளம்பரம் அலறும் நாட்டில் அது சின்ன காரியம் அல்ல. பத்திரிகை வழியாக அந்தப் படங்கள் கிராமத்து வீடுகளுக்கும் போயின. ஆனால் பலரும் போற்றும் அவருடைய படங்களில் நாம் பெரும்பாலும் வீட்டுக்குள் நிற்கிறோம். அந்தப் பெண் வாசலைத் தாண்டிச் சேற்றில் இறங்குகிற படம் இனி வருகிறவர்கள் வரைய வேண்டிய படம். அவர் நிறுத்திய வாசற்படியிலிருந்து அடுத்த அடியை எடுத்து வைப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

மதுரையில் 1936-ல் பிறந்த மனோகர் தேவதாஸ் வேறொரு வழி. கறுப்பு மையும் பேனாவுமாக மதுரையின் கோபுரத்தையும் தெருவையும் யானைமலையையும் கோடு கோடாக எழுதியவர். கண்ணை மெல்ல மெல்ல அழிக்கும் நோய் அவருக்கு. பார்வை குறுகக் குறுக, பூதக் கண்ணாடியும் நினைவும் துணையாக வரைந்தார். 2022-ல் மறைந்தார். ஊர் மாறிக் கொண்டே போகிறது, இருந்ததை இருந்தபடி குறித்து வைக்க வேண்டும் என்பது அவர் வழி. இதுவும் ஓர் உழைப்பு. நெசவாளி நூலை எண்ணுவது போல் கோட்டை எண்ணிய உழைப்பு.

மில் தொழிலாளர் அறிய வேண்டிய பெயர் சுதீர் பட்வர்தன். 1949-ல் பிறந்தவர். தாணாவில் 30 ஆண்டு எக்ஸ்ரே டாக்டராக வேலை செய்து கொண்டே படம் வரைந்தவர். தொழிலாளியின் எலும்பை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த கண், அவன் வாழும் தெருவையும் பார்த்தது. மலையும் மரமும் மட்டும்தான் நிலக்காட்சியா? ரயில் பாதை, மேம்பாலம், குடியிருப்பு, வேலைக்குப் போகும் கூட்டம் இவையும் நிலக்காட்சியே என்று காட்டினார். 1982-ல் பம்பாயில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின. அந்த நிலத்தில் அடுக்கு மாளிகைகள் எழுந்தன. அந்த வட்டாரத்தின் பெயரையே தாங்கிய ‘லோயர் பரேல்’ என்ற பெரிய படத்தை அவர் 2001-ல் வரைந்தார். மில் போன பின்னும் அங்கே மக்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் படம் சாட்சி.

இப்போது நம் புதுச்சேரிக்கு வருவோம். புதுச்சேரி என்றால் கடைகளில் விற்கும் சித்திரம் எது? மஞ்சள் சுவர், வெள்ளை ஜன்னல், மேலே படர்ந்த காகிதப்பூ. பிரெஞ்சுக்காரன் வாழ்ந்த தெரு! 1936 ஜூலை 30-ல் துப்பாக்கிச் சூட்டில் 12 மில் தொழிலாளர் ரத்தம் சிந்திய மண் எந்தச் சட்டத்துக்குள் மாட்டப்பட்டிருக்கிறது? எட்டு மணி நேர வேலையை வாங்கித் தந்த அந்த மண் படமாகத் தகுதியற்றதா? 2020-ல் மூடப்பட்ட ஏ.எப்.டி. மில்லின் வாசல் நிலக்காட்சி ஆகாதா? அதுபோலவே, காரைக்கால் என்றால் கோவிலும் கடற்கரையும் மட்டும்தானா? 2009 முதல் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியும், வயல்களுக்கு நடுவே பூமியைத் துளைத்து நிற்கும் எண்ணெய்க் கிணறும் இந்த நிலத்தின் முகத்தில்தானே இருக்கின்றன? முகத்தின் வடுவை மறைத்து வரைந்தால் அது முகம் அல்ல, முகமூடி.

என்ன செய்ய வேண்டும்?

நல்ல படங்கள் இருக்கின்றன. ஆனால் நம் மக்கள் அவற்றைப் பார்த்ததில்லை. அவை பட்டணத்துக் காட்சிக் கூடத்திலும் பணக்காரர் வீட்டிலும் இருக்கின்றன. யாரைப் பற்றிய படமோ அவர்களே பார்க்க முடியாது என்றால், அறுத்தவன் வீட்டில் அரிசி இல்லாத கதைதான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ருஷ்யாவில் 1870-ல் ஓவியர்கள் சங்கம் ஒன்று கண்டார்கள். அடுத்த ஆண்டு முதல் படங்களை ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். ரேப்பினும் லெவித்தானும் அந்தக் கூட்டத்தவரே. பட்வர்தனும் மகாராஷ்டிரத்தின் சிறிய ஊர்களுக்கு ஓவியக் கண்காட்சியைக் கொண்டு போனவர். இங்கே ஏன் கூடாது? குடந்தைக் கல்லூரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அதன் மாணவர்களை வரிச்சிக்குடி போன்ற கடைமடைக் கிராமங்களுக்கு அழைப்போம். நடவிலும் அறுப்பிலும் கூட நின்று வரையட்டும். வரைந்ததைச் சங்கக் கட்டிடத்திலும் பள்ளிக்கூடத்திலும் நூலகத்திலும் மாட்டுவோம். செலவு பெரிதல்ல; சுவரும் ஆணியும் நம்மிடம் இருக்கின்றன.

மாட்டிய படத்துக்கு முன்னால் நின்று தீர்ப்புச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம். விவசாயத் தொழிலாளியும் மில் தொழிலாளியும் மூன்று கேள்வி கேட்டால் போதும். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இந்த வரப்பை யார் போட்டது? இந்த நிலம் யாருடையது? இந்தக் கேள்விகளைத் தாங்கி நிற்கும் படம் நமது படம். தாங்காதது எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நிலத்தை விற்பவனுடைய படம். அதை அவனே வைத்துக் கொள்ளட்டும்.