‘உடைந்த இங்கிலீஷ்’ என்ற பழி

ஃபோர்ட் கொச்சியில் ஜங்கார் படகில் ஏறினால் சில நிமிடங்களில் வைப்பின் கரை வந்துவிடும். அன்று படகுத்துறையில் முதுகுப்பையோடு நின்ற ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்கு, மீன் கூடைக்காரர் ஒருவர் கையை நீட்டிக் காட்டிச் சொன்னார்: “போட் இஸ் கமிங் நவ் ஒன்லி.” அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் பையைக் கீழே வைத்தாள். எனக்குப் பக்கத்தில் நின்ற படித்த மனிதர் ஒருவர் முகம் சுளித்து, “எல்லாம் உடைஞ்ச இங்கிலீஷ்” என்றார்.

இந்தச் சொல்லைக் கேட்காத நாளே எனக்கு இல்லை. மாலையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவள் நான். பெற்றோர், பயிற்சி நிலையங்கள், வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் என எல்லோரும் ஒரே வாதத்தைத்தான் வைக்கிறார்கள். நம்மவர்கள் ஆங்கில வினைச்சொல்லைத் தாறுமாறாகக் கையாள்கிறார்கள், அதற்குக் காரணம் தாய்மொழி, பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை மனப்பாடம் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். மூன்றையும் நான் மறுக்கிறேன்.

முதலில் அந்தத் ‘தாறுமாறு’. ஒழுங்கில்லாமல் பேசுகிறார்கள் என்றால் ஆளுக்கொரு விதமாக அல்லவா தவற வேண்டும்? நாகர்கோவிலில் தவறுகிற அதே இடத்தில்தான் மட்டாஞ்சேரியிலும் தவறுகிறார்கள். “ஐ அம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்”, “ஐ அம் வான்ட்டிங் லீவ்”, “ஐ அம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்” என்றே எல்லோரும் சொல்கிறார்கள். தமிழில் ‘போகிறேன்’ என்ற ஒரே வடிவம், தினமும் போவதையும் சொல்லும், இந்த நொடியில் போய்க்கொண்டிருப்பதையும் சொல்லும். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. பிரித்த பிறகு, ‘வான்ட்’, ‘நோ’, ‘ஹேவ்’ போன்ற நிலை குறிக்கும் வினைகளுக்கு மட்டும் ‘இங்’ கூடாது என்று விலக்கும் வைக்கிறது. நம்மவர் ‘விரும்புகிறேன்’, ‘புரிகிறது’, ‘வைத்திருக்கிறேன்’ என்ற நிகழ்கால வடிவங்களை முறையாக ‘இங்’ வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். அந்த விலக்கு ஒன்றுதான் விடுபட்டுப் போகிறது. அந்த விலக்கும் அசையாத பாறை இல்லை. 2003 முதல் ஒரு பர்கர் நிறுவனம் ‘லவ்’ என்ற வினைக்கே ‘இங்’ சேர்த்து உலகம் முழுக்க விளம்பரம் செய்துவருகிறது.

‘உடைந்தது’ என்ற பழியை வைப்பின் நெடுங்காலமாக அறியும். போர்ச்சுக்கீசியர் 1503இல் கொச்சியில் கோட்டை கட்டினார்கள். 1663இல் டச்சுக்காரர்களிடம் அதை இழந்தார்கள். போர்ச்சுக்கீசியர் போன பிறகும் அவர்கள் மொழியிலிருந்து பிறந்த ஒரு கிரியோல் மொழி இங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்களின் வீட்டு மொழியாக நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தது. அதைக் கொச்சியில் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் என்று அறியப்பட்ட வில்லியம் ரொசாரியோ 2010 ஆகஸ்ட் 20 அன்று காலமானார். அந்த மொழியையும் ‘உடைந்த போர்ச்சுக்கீசியம்’ என்றுதான் தள்ளிவைத்தார்கள். 1880களின் தொடக்கத்தில் ஹூகோ ஷூகார்ட் என்ற ஐரோப்பிய மொழியியலாளர் அதை ஒரு மொழியாக மதித்து எழுதினார். நம் காலத்தில் ஹூகோ கார்டோசோ என்ற மொழியியலாளர் நேரில் வந்து பதிவு செய்தார்.

அதன் வினை அமைப்பைப் பாருங்கள். போர்ச்சுக்கீசிய வினை, ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்பப் பல உருவம் எடுக்கும். கிரியோல் அவை அத்தனையையும் விட்டுவிட்டு வினைக்கு முன்னால் ஒரு சின்னச் சொல்லை நிறுத்தியது. ‘ஏற்கெனவே’ என்று பொருள்படும் ‘ஜா’ இறந்தகாலத்தைக் காட்டியது. ‘கொஞ்ச நேரத்தில்’ என்ற சொல்லிலிருந்து வந்த ‘லோ’ எதிர்காலத்தைக் காட்டியது. ‘இருக்கிறது’ என்ற வினையிலிருந்து வந்த ‘தா’ நிகழ்வதைக் காட்டியது. தமிழ் செய்யாததை அது ஒன்றும் செய்துவிடவில்லை. ‘பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்னும்போது நாம் எதையும் கையில் கொள்வதில்லை, ஓரிடத்தில் இருப்பதும் இல்லை. ‘கொள்’, ‘இரு’ இரண்டும் பழைய பொருளை உதிர்த்துவிட்டுத் தொடர்ச்சியைக் காட்ட வந்து நிற்கின்றன. இதை இலக்கணம் என்கிறோம். அதை மட்டும் உடைசல் என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

அடுத்த வாதம், தாய்மொழிதான் குற்றவாளி என்பது. பாதி உண்மை என்பதால்தான் இது இவ்வளவு நாள் நிலைத்திருக்கிறது. ‘ஹி கோ’, ‘ஷி கம்’ என்று ‘எஸ்’ இல்லாமல் சொல்வதை எடுத்துக்கொள்வோம். மலையாளத்தில் நானும் அவனும் அவளும் எல்லோரும் ‘போயி’தான். ஆளைக் காட்டும் விகுதி கிடையாது. அதனால் மலையாளிக் குழந்தை ‘எஸ்’ஸை விடுகிறது என்று விளக்கிவிடலாம். ஆனால் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தமிழ்க் குழந்தை வீட்டில் போகிறான், போகிறாள், போகிறார், போகிறது என்று நாளெல்லாம் விகுதி மாற்றிப் பேசுகிறது. ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு நுணுக்கமான இயைபு அதன் நாக்கில் இருக்கிறது. அதுவும் ‘ஹி கோ’ என்றுதான் தொடங்குகிறது. தாய்மொழிதான் காரணம் என்றால் இது எப்படி? இங்கிலாந்தின் நாரிச் நகரத்தைப் பற்றி மொழியியலாளர் பீட்டர் ட்ரட்கில் 1974இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே பரம்பரையாக ஆங்கிலம் மட்டுமே பேசும் உழைக்கும் மக்கள் இந்த ‘எஸ்’ஸைப் பெருமளவு விட்டுவிடுவதைக் காட்டியது. அவர்களுக்குக் குறுக்கிட எந்தத் தமிழும் இல்லை.

‘டிஸ்கஸ் அபவுட்’ விஷயமும் இப்படித்தான். நமது ‘பற்றி’ அதில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘டாக் அபவுட்’டும் ‘டிஸ்கஷன் அபவுட்’டும் ஆங்கிலத்துக்குள்ளேயே சரியாக இருக்கும்போது, ‘டிஸ்கஸ்’ மட்டும் தனியாக நிற்க வேண்டும் என்பதை யார் ஊகிப்பார்கள்? ஆங்கிலத்தின் வினை அமைப்பும் ஒரே இடத்தில் நின்றதில்லை. ‘வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்பதை ‘த ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்று எழுதிய காலம் இருந்தது. ‘இஸ் பீயிங் பில்ட்’ புதிதாக வந்தபோது, 19ஆம் நூற்றாண்டில் பண்டிதர்கள் அதைக் காதுக்கு ஒவ்வாத அலங்கோலம் என்று கண்டித்தார்கள். இன்று பள்ளிப் பாடம் அதுதான்.

மூன்றாவதுதான் என்னை உண்மையில் வருத்துவது. பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட அந்த அட்டவணை. ‘ஐ ஷல் ஹேவ் பீன் கோயிங்’ என்று கண்ணை மூடி ஒப்பிக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வாழ்நாளில் அதைச் சொல்ல வேண்டிய தருணம் அவர்களுக்கு வருமா என்பதே சந்தேகம். அன்றாட ஆங்கிலத்தில், பேச்சிலும் எழுத்திலும், மிகப் பெரும்பாலான வினைகள் ‘கோ’, ‘வென்ட்’ போன்ற எளிய வடிவங்களே. பேச்சு திக்குவது வேறிடத்தில். ஒரு வினைக்குப் பின்னால் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்பதில்தான். ‘டெல் மீ’, ‘கிவ் மீ’, ‘ஷோ மீ’ சரி. ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’, ‘சஜஸ்ட் மீ’ சரியில்லை. பழைய ஜெர்மானிய வேர்கொண்ட குட்டி வினைகள் ஆளை உடனே பக்கத்தில் சேர்த்துக்கொள்ளும். லத்தீன் வழியாக வந்த பெரிய வினைகள் பெரும்பாலும் நடுவில் ‘டு’ கேட்கும். இந்த ஒரு வரியைப் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் உணர்ந்திருந்தார். 1924 முதல் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, ஆங்கில வினைகளை 25 அமைப்புகளாக வகுத்தார். ஒவ்வொரு வினைக்கும் அது ஏற்கும் அமைப்பின் எண்ணைக் குறித்த அவரது அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதைத் தன் அகராதியாக வெளியிட்டது. நம் வீடுகளில் இருக்கும் கற்பவர் அகராதியின் மூதாதை அதுதான். ஆனால் வகுப்பறைக்கு வந்தபோது அமைப்புகளும் ஒப்பிக்கும் பயிற்சியாகிப் போயின. அதைக் கண்டுதான் என்.எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வியாளர் 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை பகுதிப் பள்ளிகளில் இலக்கண ஒப்பிப்பை ஒதுக்கிவைத்து, ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் பிள்ளைகள் கையில் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார். பொருளில் மனம் ஈடுபட்டால் வடிவம் தானாக ஊறும் என்பது அவர் நம்பிக்கை. அதன் மீதான விவாதம் இன்னும் ஓயவில்லை. என் அனுபவத்தில், அமைப்பு, பொருள் இரண்டும் வேண்டும். அட்டவணை மட்டும் வேண்டாம்.

அப்படியென்றால் எப்படிப் பேசினாலும் சரியா என்று கேட்பார்கள். சரியில்லை. ‘ஐ அம் ஹேவிங்’ யாரையும் தடுமாற வைக்காது. வேலை விண்ணப்பத்தில் மட்டும் மாற்றிக்கொள் என்பேன். ஆனால் சில இடங்களில் பொருளே புரண்டுவிடும். சலவைத்துறையான டோபிகானா பக்கத்துத் தமிழ்க் குடும்பத்திலிருந்து என்னிடம் படிக்க வரும் ஒரு பெண், ஒரு ஹோட்டல் வரவேற்பு வேலைக்கு நேர்காணலுக்குப் போனாள். இதற்கு முன் இங்கே வந்ததுண்டா என்று கேட்டிருக்கிறார்கள். “யெஸ், ஐ ஹேட் கம் லாஸ்ட் வீக்” என்றாள். எதிரில் இருந்தவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாகப் பயந்து அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

அவர் காத்திருந்தது மிச்சக் கதைக்காக. ‘ஹேட் கம்’ என்றால், அதன் பிறகு வேறொன்று நடந்தது என்று ஆங்கிலக் காது எதிர்பார்க்கும். நமது ‘போன வாரம் வந்திருந்தேன்’ அப்படி எதையும் பாக்கி வைப்பதில்லை. அவளுக்கு நான் அட்டவணையைக் காட்டவில்லை. அவள் சொன்ன தமிழையே திருப்பிக் கேட்டேன்.

“அப்ப ‘ஹேட்’ எப்பத்தான் டீச்சர் வரும்?”

“இன்னிக்கு ஏன் லேட்டு?”

“ஜெட்டிக்கு வந்தேன், ஜங்கார் போயிருந்துச்சு.”

“எது முதல்ல நடந்தது?”

“ஜங்கார் போனது.” கொஞ்சம் யோசித்தாள். “வென் ஐ ரீச்ட், த ஜங்கார் ஹேட் லெஃப்ட்.”

நோட்டை எடுத்து அவளாகவே இரண்டு வரி எழுதினாள். ‘வந்திருந்தேன்’ என்பதற்கு நேரே ‘ஐ கேம்’. அதற்குக் கீழே, ‘போயிருந்துச்சு’ என்பதற்கு நேரே ‘ஹேட் லெஃப்ட்’.